மூன்று இலையும் நான்கு கைச் சிலுவையும்: அயர்லாந்தின் வசந்தத் திருநாள்களுக்குச் சிறு பிள்ளைகளின் கைவேலைகள்

அயர்லாந்தில் வசந்தம் பிப்ரவரி 1-ஆம் தேதியே பிறந்துவிடுகிறது. குளிர் குறைந்திருக்காது, மழையும் விட்டிருக்காது. ஆனாலும் அந்நாட்டு வழக்கப்படி, காவல் புனிதர்களில் ஒருவரான புனித பிரிஜித் அம்மையின் திருநாளோடு குளிர்காலம் போயிற்று என்றுதான் கணக்கு. 2023 முதல் அதற்குப் பொது விடுமுறையும் விடுகிறார்கள். அடுத்து வருவது மார்ச் 17, இன்னொரு காவல் புனிதரான புனித பாட்ரிக்கின் திருநாள். இது 1903-லேயே விடுமுறை நாளாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவே உள்ள ஆறு வாரமும் அங்குள்ள பாலர் பள்ளிகளில் காகிதம், பசை, பச்சை வண்ணம் என்றே ஓடும்.

இந்த நாள்களுக்கென்று கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் தொப்பி, மினுமினுப்புத் தூள், ஒட்டுத் தாடி எதுவும் தேவையில்லை. அயர்லாந்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தவை வயலில் பிடுங்கிய கோரையிலும் காகிதத்திலும் மாவிலும் ஆனவை. சின்னக் கைகளுக்கு அவைதான் பொருந்துகின்றன: மடிப்பது, திருப்புவது, அழுத்துவது, தட்டுவது, பிசைவது. கீழே உள்ளவை எல்லாமே அந்த வகைதான்.

மேசையில் எதையும் எடுத்து வைப்பதற்கு முன் இரண்டு விஷயங்கள். மூன்று வயதுப் பிள்ளை ஒரு வேலையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அதுவே நிறைய. ஐந்து, ஆறு வயதில் இருபது நிமிடம் தாங்கும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு கைவேலை போதும்; வெட்ட வேண்டியதை வெட்டி, வட்டம் போட வேண்டியதைப் போட்டு முன்னதாகவே தயாராக வைத்துவிடுங்கள். இன்னொன்று, மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை வீட்டில் இருந்தால், டாய்லெட் ரோலின் அட்டை உருளைக்குள் நுழையக்கூடிய எந்தப் பொருளும் மேசையில் இருக்கக் கூடாது. மணி, பொத்தான், பாட்டில் மூடி எல்லாம் இதில் அடங்கும். தொண்டையில் சிக்கும் அளவு அதுதான்.

பிரிஜித் சிலுவை

எல்லாவற்றிலும் இதற்கே முதலிடம் தருவோம். நடுவில் ஒரு சதுரம், அதிலிருந்து காற்றாடி போல நான்கு கைகள்: பிரிஜித் சிலுவையின் வடிவம் இது. அயர்லாந்தின் ஈரமான மேய்ச்சல் நிலங்களில் புதர் புதராக வளரும் ஒரு தண்டுச்செடியில் இதை முடைகிறார்கள். பார்வைக்கு நம் பாய்க் கோரை போலவே இருக்கும். ஆனால் தண்டு உருண்டையாக, உள்ளே பஞ்சு போன்ற வெள்ளைச் சதையோடு இருக்கும். கத்தியால் அறுக்காமல் கையால் பிடுங்குவதே மரபு. திருநாளுக்கு முந்தைய நாள், ஜனவரி 31 அன்று, பிடுங்கி வந்து அன்றிரவே முடைவார்கள். பச்சைக் கோரை கிடைக்காத ஊரில் பாய் முடையும் கோரையை வெதுவெதுப்பான நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்துப் பயன்படுத்தலாம். காய்ந்ததை அப்படியே மடித்தால் மடிப்பில் முறிந்துவிடும்.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 30 செ.மீ. நீளத்தில் 13 கோரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நடுத்தண்டு, மீதி 12, கைக்கு மூன்று வீதம். நான்கு ரப்பர் பேண்டும் கொஞ்சம் பருத்தி நூலும் வேண்டும்.

1. ஒரு கோரையைச் செங்குத்தாகப் பிடியுங்கள். இது மடியாத கோரை.
2. இரண்டாவதைச் சரிபாதியாக மடியுங்கள். மடிப்பு இடப்பக்கமிருந்து முதல் கோரையின் நடுவை அணைக்க வேண்டும். இரண்டு நுனிகளும் வலப்பக்கம் நீண்டிருக்க வேண்டும். இழுத்து இறுக்கிக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ளுங்கள்.
3. முழுவதையும் இடப்பக்கமாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், கால் சுற்று திருப்புங்கள். இப்போது இரண்டாவது கோரையின் நுனிகள் மேலே பார்க்கும்.
4. மூன்றாவதை மடித்து, மேலே பார்க்கும் நுனிகளை அணைத்தபடி வலப்பக்கம் நீளவிடுங்கள். இறுக்குங்கள். மறுபடி கால் சுற்று.
5. கோரை தீரும்வரை இதே போலத்தான். ஒவ்வொரு தடவையும் புதிய கோரை, அந்த நேரத்தில் மேலே பார்க்கும் அத்தனையையும் சேர்த்து அணைக்கும்.
6. கடைசியாக மடித்த கையைத்தான் முதலில் கட்ட வேண்டும். விட்டால் அது உருவிக்கொண்டு வந்துவிடும். நுனியிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. விட்டு ரப்பர் பேண்ட் போடுங்கள். பிறகு மற்ற மூன்று கைகளையும் கட்டி, நுனிகளைச் சமமாக வெட்டிவிடுங்கள்.

பிள்ளைக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். "வலம் மடி, இடம் திருப்பு" என்று தாளம் போட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். நான்கு சுற்றில் கை தானாகவே பழகிவிடும். எங்கே தப்பும் என்றால், பெரும்பாலும் திருப்பும் திசையில்தான். ஒரு முறை மாற்றித் திருப்பிவிட்டால், அடுத்த மடிப்பு முன்னதைப் பிடித்து நிறுத்தாமல் நழுவும். அப்போது மேலே மேலே மடித்துச் சரிசெய்யப் பார்க்காமல், நழுவிய கோரையை உருவிவிட்டு அங்கிருந்து தொடங்குவதே சுலபம். நடுச்சதுரம் ஓட்டையாகத் தெரிந்தால் இறுக்கம் போதவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு புதிய மடிப்பையும் முந்தைய மடிப்போடு ஒட்டித் தள்ள வேண்டும். தடித்த கோரையானால், மடிக்கும் இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் முன்னதாக நசுக்கிவிடுங்கள், மடிப்பு படிந்துவிடும்.

பச்சைக் கோரை காயும்போது சுருங்கும். அதனால் முதல் நாள் ரப்பர் பேண்டோடு விட்டுவிட்டு, மூன்று நாள் கழித்து நூலால் இறுகக் கட்டி ரப்பரை எடுத்துவிடலாம். முதலிலேயே நூல் கட்டினால் ஒரு வாரத்தில் அது தளர்ந்து கை கையாகப் பிரிந்து நிற்கும். பச்சை நிறம் வைக்கோல் நிறமாக மாறுவது இயல்புதான். வாடிப்போயிற்றே என்று பிள்ளை வருந்தினால், அப்படி மாறினால்தான் ஒரு வருடம் தாங்கும் என்று சொல்லுங்கள்.

மூன்று, நான்கு வயதுக்குக் கோரை சரிவராது. 30 செ.மீ. பைப் கிளீனர், அதாவது கம்பிமேல் பஞ்சு சுற்றிய குச்சி, ஒன்பது போதும்: நடுவுக்கு ஒன்று, கைக்கு இரண்டு. மடித்தால் மடித்தபடியே நிற்கும் என்பதால் குழந்தை நடுவில் கை எடுத்தாலும் கலையாது. முனையில் கம்பி குத்தும். ஒவ்வொரு முனையையும் அரை செ.மீ. உள்பக்கம் மடக்கிவிட்டுக் கையில் கொடுங்கள். காகித ஸ்ட்ராவைத் தவிர்த்துவிடுங்கள், மடிப்பில் அது பிளந்துகொள்ளும்.

முடித்த சிலுவையைச் சமையலறைக் கதவின் மேலே மாட்டுகிறார்கள். வீட்டை நெருப்பும் பசியும் அண்டாது என்பது நம்பிக்கை. அடுத்த பிப்ரவரியில் புதியது வரும். சில வீடுகளில் பழையதைக் கழற்றாமல் கூரை மரத்தில் வருடா வருடம் செருகிச் சேர்த்து வைத்தார்கள்.

முடைய முடியாத மிகச் சிறிய குழந்தைக்கு அதே இரவில் ஒரு வேலை உண்டு. 'ப்ராட் ப்ரீஜெ', பிரிஜித்தின் துணி என்று பொருள். ஒரு முழ நீளத் துணித்துண்டை ஜனவரி 31 இரவு வாசலிலோ ஜன்னல் விளிம்பிலோ செடியின் மேலோ போட்டுவிட வேண்டும். அன்றிரவு பிரிஜித் அந்த வழியே போகும்போது அதைத் தொட்டு ஆசி தருவதாக ஐதிகம். காலையில் குழந்தையே போய் எடுத்துவரட்டும். பனியில் நனைந்து சில்லென்று இருக்கும் அந்தத் துணியைக் கையில் வாங்குவதே அதற்கு ஒரு திருவிழாதான். தலைவலி, தொண்டை வலிக்கு அதைச் சுற்றிக்கொள்வது பழைய வழக்கம். காற்று பலமாக அடிக்கும் ஊர் என்றால் துணியின் ஒரு மூலையைக் கட்டிவிட மறக்காதீர்கள். விடிந்ததும் துணி காணாமல் போனால் குழந்தையைச் சமாதானப்படுத்துவது பெரும்பாடு.

பாட்ரிக் நாள் பேட்ஜ்

இன்று பாட்ரிக் திருநாளில் சட்டையில் குத்திக்கொள்ளக் கடைப் பேட்ஜ் கிடைக்கிறது. முன்பெல்லாம் பிள்ளைகளே காகிதத்தில் செய்து அணிந்தார்கள். பையன்களுடையது வட்டக் காகிதத்தில் காம்பஸால் கோலம் போட்டு வண்ணம் தீட்டியது. பெண்பிள்ளைகளுடையது இரு அட்டைத் துண்டுகளைச் சிலுவையாக வைத்து, ரிப்பன் சுற்றி, நடுவில் ஒரு ரோஜாப்பூ முடிச்சு வைத்தது. இன்று யாருக்கு எது பிடிக்கிறதோ அதைச் செய்யட்டும்.

வட்டப் பேட்ஜுக்குத் தடித்த வெள்ளைக் காகிதத்தில் 8 செ.மீ. விட்டத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். காம்பஸ் அகலத்தை மாற்றாமல், வட்டத்தின் கோட்டில் முள்ளை வைத்து மையத்தின் வழியாக ஒரு வில் வரையுங்கள். அந்த வில் வட்டத்தைத் தொடும் இடத்தில் அடுத்த முள். இப்படி ஆறு வில் போட்டால் ஆறு இதழ்ப் பூ தானாக விழும். அகலம் ஒரு மி.மீ. மாறினாலும் ஆறாவது இதழ் முதல் இதழோடு சேராது. காம்பஸின் திருகை இறுக்கிவிட்டுத் தொடங்குங்கள். காம்பஸ் பெரியவர் கையில் இருக்கட்டும். வண்ணம் பிள்ளையின் வேலை.

அந்தக் காலத்தில் வண்ணப் பெட்டி எல்லா வீட்டிலும் ஏது? மஞ்சளுக்கு முட்டைக் கரு, பச்சைக்குக் கசக்கிய இலை என்று கையில் கிடைத்ததைத்தான் பூசினார்கள். பிள்ளைகள் விரலை வாயில் வைப்பார்கள் என்பதால் பச்சை முட்டை வேண்டாம். கால் டம்ளர் நீரில் அரை டீஸ்பூன் மஞ்சள்தூள் கரைத்தால் மஞ்சள் ஆயிற்று. ஒரு கைப்பிடி பசலைக்கீரையை ஒரு மேசைக்கரண்டி நீர் விட்டு அரைத்துத் துணியில் பிழிந்தால் பச்சை. மஞ்சள் காய்ந்த இடத்தில், ஆப்ப சோடா கரைத்த நீரை பஞ்சால் தொட்டு வைக்கச் சொல்லுங்கள்: கண்ணெதிரே செங்கல் நிறமாக மாறும். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அதே காரணம்தான். இந்த ஒரு துளிக்காகவே பிள்ளை நான்கு பேட்ஜ் செய்யக் கேட்கும். கீரைப் பச்சை வெயிலில் சில நாளில் வெளுத்துவிடும். பேட்ஜ் ஒரு நாளுக்குத்தான் என்பதால் பாதகமில்லை. மஞ்சள்தூள் கரைசல் சட்டையில் பட்டால் எளிதில் போகாது, பழைய சட்டை போட்டுவிடுங்கள்.

ரோஜா முடிச்சுக்கு 3 செ.மீ. அகலம், 40 செ.மீ. நீளத்தில் பச்சைக் காகிதம் வேண்டும். ஒரு செ.மீ. மடிப்புகளாக விசிறி போல முன்னும் பின்னும் மடித்து, இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, மேல் விளிம்பை நடுவுக்குத் தள்ளித் தட்டையாக்க வேண்டும். கைவிட்டால் மறுபடி எம்பி வளையமாகும். அதனால் பின்பக்கம் 3 செ.மீ. அட்டை வட்டத்தில் பசை தடவி, அதன்மேல் அழுத்தி ஒரு கனமான புத்தகத்தை வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். காகிதத்தின் நீளம் குறைந்தால் விரிக்கும்போது கிழியும். இதை 1 செ.மீ. அகலம், 7 செ.மீ. நீள அட்டைச் சிலுவையின் நடுவில் ஒட்டினால் பேட்ஜ் தயார். ஊக்கு வேண்டாம், பின்னால் ஒரு துணிக்கிளிப்பை ஒட்டினால் குழந்தையே போட்டுக் கழற்றலாம்.

ஷாம்ராக் அச்சு

ஷாம்ராக் என்பது அயர்லாந்தின் சின்னமான மூன்று இலை. நான்கு இலை க்ளோவர் (புல்வெளிகளில் வளரும் சிறு செடி) அதிர்ஷ்டச் சின்னம். அது வேறு கதை, பாட்ரிக்கோடு தொடர்பில்லாதது. கடையில் விற்கும் அலங்காரங்களில் பாதி இதைத் தவறாகத்தான் போடுகின்றன. பாட்ரிக் மூன்று இலையைக் காட்டி, மூவொரு கடவுள் என்ற தம் மதக் கோட்பாட்டை விளக்கினார் என்பது மரபுக் கதை. 

அந்தப் பெயரில் தனிச்செடி ஒன்றும் கிடையாது. 1890-களில் நத்தானியல் கோல்கன் என்ற இயற்கை ஆய்வாளர் அயர்லாந்தின் பல பகுதிகளிலிருந்தும் "எங்கள் ஷாம்ராக் இது" என்று மக்கள் அனுப்பிய செடிகளை வளர்த்துப் பார்த்தார். பெரும்பாலானவை மஞ்சள் பூப் பூக்கும் சிறு க்ளோவரும் வெள்ளைப் பூ க்ளோவரும்தான். அவற்றின் இலை நீள்வட்டமாக இருக்கும். இதய வடிவில் மூன்று வரைவது படங்களில் வந்த வழக்கம். நிஜமாகவே இதய வடிவ மூன்று இலை வேண்டுமானால், நம் ஊர்ப் புளியாரையைப் பறித்துக் காட்டலாம். அது க்ளோவர் இனம் அல்ல, ஆனால் தடித்த புத்தகத்துக்கு நடுவே ஒரு வாரம் வைத்தால் அழகாகத் தட்டையாகி, வாழ்த்து அட்டையில் ஒட்ட ஏற்றதாகிவிடும்.

அச்சுக்குச் சிறந்தது குடைமிளகாய். அடிப்பக்கம் பார்த்து வாங்குங்கள்: மூன்று மேடு உள்ளதுதான் வேண்டும், நான்கு மேடு உள்ளது நான்கு இலையாக விழும். அகலமான நடுப்பகுதியில் குறுக்கே ஒரே வெட்டாக வெட்டி, விதையை நீக்கி, காம்புள்ள பாதியைக் குழந்தையிடம் கொடுங்கள். காம்பே கைப்பிடி. வெட்டு அலைபாய்ந்தால் ஒரு பக்கம் மட்டும்தான் காகிதத்தைத் தொடும். வெட்டிய முகத்தை டிஷ்யூவில் பத்து நிமிடம் கவிழ்த்து வைப்பது முக்கியம். ஈரம் இருந்தால் வண்ணம் முத்து முத்தாகத் திரண்டு அச்சு திட்டுத்திட்டாக வரும். வண்ணத்தைத் தட்டில் நேராக ஊற்றாதீர்கள். தட்டில் ஈரமான ஸ்பாஞ்சை வைத்து, அதன்மேல் இரண்டு ஸ்பூன் போஸ்டர் வண்ணத்தைப் பரப்புங்கள். நேராக வண்ணத்தில் முக்கினால் உள்ளே இருக்கும் வெற்றிடமும் நிரம்பி, ஷாம்ராக்குக்குப் பதில் ஒரு பச்சைக் குட்டை வரும். அழுத்தி மூன்று எண்ணி நேராகத் தூக்கச் சொல்லுங்கள். இழுத்தால் வால் விழும். காம்பை ஒரு தூரிகைக் கோட்டால் வரைந்துவிடலாம்.

பச்சை வண்ணத்தைக் குப்பியிலிருந்து எடுக்காமல் மஞ்சளும் நீலமும் கலந்து பிள்ளைகளே ஆக்கட்டும். நீலத்தைச் சொட்டுச் சொட்டாக மஞ்சளில் விடுங்கள். நீலத்தில் மஞ்சள் விட்டால் பாட்டில் மஞ்சள் தீர்ந்தாலும் நீலம் நீலமாகவே கிடக்கும். இதில் ஒரு பொருத்தமும் உண்டு: பாட்ரிக்கின் பழைய நிறமே நீலம்தான், பச்சை பின்னால் வந்தது.

பவ்ரானும் ஏழடியும்

பவ்ரான் அயர்லாந்தின் தோல்வாத்தியம். ஆழமில்லாத மரவளையத்தில் ஒரு பக்கம் ஆட்டுத்தோல். நம் கஞ்சிராவின் பெரிய அண்ணன் என்று சொல்லலாம், சலங்கை மட்டும் இருக்காது. இருமுனைச் சிறு குச்சியால் தட்டுவார்கள். மறு கை தோலின் பின்னால் அழுத்தி ஒலியை ஏற்றி இறக்கும்.

வீட்டில் செய்ய 20 செ.மீ. எம்பிராய்டரி வளையமும் 5 செ.மீ. அகல பேக்கிங் டேப்பும் போதும். டேப்பை 26 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஒன்றன் விளிம்பு மற்றொன்றின்மேல் அரை செ.மீ. ஏறும்படி இணையாக ஒட்டுங்கள். முதலில் நடு, பிறகு இடம், வலம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து வரிசையாக ஒட்டினால் வளையம் கோணி முட்டை வடிவமாகும். இரண்டாம் அடுக்கு குறுக்கே, மூன்றாம் அடுக்கு மூலைவாட்டில். ஒட்டும்போது இருவர் வேண்டும்; பிள்ளை வளையத்தைப் பிடிக்க, பெரியவர் டேப்பை இழுத்துப் பக்கத்தில் மடித்து ஒட்டட்டும். தொய்ந்த துண்டு ஒன்று இருந்தாலும் ஒலி "சப்" என்று இறங்கிவிடும். அடிப்பக்கப் பசை உள்ளங்கையில் ஒட்டும். ஒரு சிட்டிகை முகப்பவுடர் தூவித் துடைத்தால் சரியாகும். பலூனைக் கிழித்து மாட்டும் முறை சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஏற்றதல்ல. கிழிந்த பலூன் துண்டு வாய்க்குள் போனால் மூச்சை அடைக்கும். குச்சிக்குச் சீவாத பென்சில், இரு முனையிலும் நான்கு சுற்று டேப்.

தாளம் சொல்லித்தருவது தமிழ்ப் பிள்ளைக்கு மிகச் சுலபம். ஜிக் என்ற அயர்லாந்து நடை 'தகிட தகிட'; 'த'வில் மட்டும் அழுத்தமாக ஓர் அடி. ரீல் என்ற நடை 'தகதிமி தகதிமி'. வாயால் சொல்லிக் கையால் தொடையில் தட்டி, அது நின்ற பிறகே குச்சியைக் கொடுங்கள். பிறகு இடது உள்ளங்கையைப் பின்பக்கம் வைத்து அழுத்தி எடுக்கச் சொன்னால், ஒலி உயர்ந்து தாழ்வதைக் கேட்டுக் குழந்தையின் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

தாளம் பழகியதும் ஆட்டம். கேய்லி எனப்படும் கூட்டு நடனத்தின் அடிப்படை, பக்கவாட்டில் ஏழு அடி. வலப்பக்கம் ஏழு எண்ணிக்கொண்டே காலைச் சேர்த்துச் சேர்த்து நகர்ந்து, எட்டில் நிற்க வேண்டும். நின்ற இடத்தில் 'ஒன்று-இரண்டு-மூன்று' இரண்டு தடவை. பிறகு இடப்பக்கம் அதே போல. முன்பாதத்தில் ஆட வேண்டும், குதிகால் தரையில் படாது. நான்கு வயதுக்குக் கீழே இருந்தால் ஏழு எண்ண வேண்டாம். எதிரெதிரே இரு வரிசையாக நின்று, கைகோத்து முன்னே போய்ப் பின்னே வருவதே இரண்டு தடவை போதும். 'வால்ஸ் ஆஃப் லிமெரிக்' என்ற புகழ்பெற்ற கேய்லி நடனம் அப்படித்தான் தொடங்குகிறது. சாக்ஸோடு ஆடினால் டைல்ஸில் வழுக்கும், வெறுங்காலோடு ஆடட்டும்.

பாம்பும் பொற்காசும்

பாட்ரிக் அயர்லாந்திலிருந்து பாம்புகளை எல்லாம் கடலுக்குள் விரட்டினார் என்று கதை. உண்மையில் பனியுகத்துக்குப் பிறகு கடல் சூழ்ந்த அந்தத் தீவுக்குப் பாம்பு வந்துசேரவே இல்லை. இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். இரண்டுமே அவர்களுக்குப் பிடிக்கும். 20 செ.மீ. வட்ட அட்டையில் 2 செ.மீ. இடைவெளி விட்டுச் சுருள் கோடு போட்டு, நடுவில் தலைக்கு 4 செ.மீ. வட்டம் விட்டுவிடுங்கள். வண்ணம் முதலில், வெட்டுவது பிறகு. ஓரத்திலிருந்து வெட்டும்போது கத்தரிக்கோல் அசையாமல் இருக்க, மறு கையால் காகிதத்தைத்தான் சுழற்ற வேண்டும். இதுதான் பிள்ளைகள் கற்றுக்கொள்ள நாளாகும் நுட்பம். தலையில் மெல்லிய பருத்தி நூல் கட்டி, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு அரை மீட்டர் மேலே தொங்கவிட்டால், ஏறும் சூடான காற்றில் பாம்பு தானாகச் சுழலும். தடித்த கம்பளி நூலானால் முறுக்கேறி நின்றுவிடும். மெழுகுவர்த்திக்கு மேலே மட்டும் ஒருபோதும் கட்டாதீர்கள்.

அயர்லாந்துக் கதைகளில் வரும் லெப்ரகான் என்ற குள்ளச் செருப்புத் தைப்பவனுக்குப் பொறி செய்யும் பழக்கம் பெரும்பாலும் அமெரிக்க வீடுகளுடையது. அவன் ஒளித்த பொற்காசைத் தேடும் விளையாட்டு வேண்டுமானால், ஜாம் பாட்டிலின் பெரிய மூடிகள் பத்துக்கு மஞ்சள் பூசி, பிள்ளையின் கண்மட்டத்துக்குக் கீழே ஒளித்து வையுங்கள். பத்தையும் எங்கே வைத்தீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சோடா ரொட்டி

பாட்ரிக் நாள் காலையில் இதைத் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்கு ஆகிவிடும். ஈஸ்ட் இல்லை, ஊறவைப்பது இல்லை. அயர்லாந்துக் கோதுமை மென்மையானது. அதனால்தான் அங்கு சோடா ரொட்டி இவ்வளவு வேரூன்றியது. நம் மைதா இதற்கு நன்றாகவே பொருந்தும்.

மைதா 450 கிராம், ஆப்ப சோடா தலைதட்டிய ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், மோர் 350 முதல் 400 மி.லி. பேக்கிங் பவுடர் வேறு, ஆப்ப சோடா வேறு, மாற்றிப் போடாதீர்கள். மோர் என்றால் நாம் குடிக்கும் நீர்மோர் அல்ல. புளித்த தயிர் 250 மி.லி., தண்ணீர் 150 மி.லி. சேர்த்துக் கடைந்த கெட்டி மோர்தான் வேண்டும். புளிப்பு இல்லாவிட்டால் சோடா பொங்காது, ரொட்டி கல்லாகிவிடும்.

ஓவனை முதலில் 230 டிகிரிக்குச் சூடேற்றிவிடுங்கள். சோடாவைச் சல்லடையில் மாவோடு சலிப்பது குழந்தையின் வேலை. கட்டி இருந்தால் ரொட்டியில் மஞ்சள் புள்ளியாகக் கசக்கும். மாவின் நடுவில் குழி செய்து மோரில் முக்கால் பங்கை ஊற்றி, விரல்களை விரித்து நகம்போல் வளைத்து, கிண்ணத்தைச் சுற்றி ஒரே திசையில் கலக்கச் சொல்லுங்கள். மாவு கையில் லேசாக ஒட்டும் பதத்துக்கு மீதி மோரைச் சேருங்கள். சப்பாத்தி மாவு போல அடித்துப் பிசைவது நம் கைக்குப் பழக்கம், இங்கே அது கூடாது. பிசைந்தால் ரொட்டி இறுகிவிடும். திரண்டதும் 4 செ.மீ. உயர வட்டமாக்கி, பாதி ஆழத்துக்குச் சிலுவை போல ஒரு கீறல் போடுங்கள். நடுப்பகுதி வேக அது உதவும். உள்ளே இருக்கும் குட்டித் தேவதைகள் வெளியேறுவதற்கு என்று அயர்லாந்துப் பாட்டிகள் சொல்வார்கள்.

மோர் பட்ட நொடியிலேயே சோடா குமிழ்விடத் தொடங்கிவிடும், அதனால் உடனே ஓவனில் வையுங்கள். 15 நிமிடம் கழித்து 200 டிகிரிக்குக் குறைத்து இன்னும் 25 முதல் 30 நிமிடம். எடுத்துக் கவிழ்த்து அடியில் தட்டிப் பார்த்தால் வெற்றுப் பெட்டி போல ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் இன்னும் ஐந்து நிமிடம். பிள்ளைகள் பலர் இருந்தால் அதே மாவை எட்டுக் குட்டி ரொட்டியாக்கி 220 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம் வையுங்கள், ஆளுக்கொரு சிலுவை கீறலாம். சூட்டோடு வெட்டினால் உள்ளே களி போல அமுங்கும். அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். மேலோடு மெத்தென்று வேண்டுமானால் அதுவரை துணியில் சுற்றி வையுங்கள். வெண்ணெய் தடவி அன்றே தின்றுவிடுங்கள், மறுநாள் காய்ந்துவிடும். மிஞ்சியதைத் தோசைக்கல்லில் வாட்டி எடுத்தால் காலைப் பலகாரம் ஆயிற்று.